விளங்குதா என்று கேட்காதே

மகனுக்கு,

நீ அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறாய் என்று உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அரசாங்க அறிவித்தல்களைச் சனங்களால் வாசித்து விளங்கிக்கொள்ள முடிகிறதா என்று அளந்து பார்க்கிற வேலையை மற்ற மாவட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாயாம். பதுளையில் நீ வேலை செய்கிற அரசாங்கக் கந்தோரில் உனக்கு மாலை போட்டு கேக் வெட்டினார்களாம். "சந்தோசப்படுங்க மாமி" என்றாள். நான் சந்தோசப்படவில்லை, அதை அவளிடமே சொல்லிவிட்டேன். உனக்குப் போன் எடுத்தால், "மீட்டிங்ல இருக்கேம்மா, பொறகு எடுக்குறேன்" என்கிறாய். பிறகு எடுப்பதில்லை. உன் வீட்டு விலாசத்துக்கு எழுதினால் நீ ஒருவன் வாசித்து மடித்து வைத்துவிடுவாய். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைப்போல் அறிவித்தல் எழுதுகிற மற்றவர்களும் வாசிக்கட்டும். வீட்டு விசயத்தை ஊருக்குச் சொல்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் அத்தையின் கால் போனது வீட்டு விசயம் இல்லை.

நீ எழுதிய அந்த அறிவித்தலில் இருந்து தொடங்குகிறேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் தீபாவளிக்கு வந்தபோது லெப்டொப்பைத் திறந்து எனக்குக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? எழுதியதை அதற்குள் போட்டால், ஒரு வசனத்தில் எத்தனை சொல், ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணி, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும் என்றாய். நீளமான வசனத்தை இரண்டாக உடைத்தாய், மார்க் ஏறியது. பெரிய சொல்லை எடுத்துவிட்டுச் சின்னச் சொல்லைப் போட்டாய், இன்னும் ஏறியது. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி உன் முகம் இருந்தது. "பாருங்கம்மா, நம்ம மாகாணத்துலயே லேசா வாசிக்கக்கூடிய நோட்டீஸ் இதுதான்" என்றாய். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளைமடுவத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தொட்டிலாட்டிக்கொண்டே, அலுமாரித் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். என் பிள்ளை எழுதியதைத் தகரத்தில் அச்சடித்துக் கோயில் சுவரில் அடிக்கப் போகிறார்கள் என்றால் பெருமை வராதா?

அந்த அறிவித்தல் கடினமாக இருந்தது என்று நான் சொல்லவே இல்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள், பிறகு நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லாதே. "மழைக் குழாயில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் மண் சரியலாம். உடனே வெளியேற வேண்டும். பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும்." இதில் எந்தச் சொல் எங்களுக்குத் தெரியாது? மழையை அளக்க நீங்கள் நட்டுவைத்த குழாய் தெரியும், சிவப்பு தெரியும், மண் சரிவதை உன்னைவிட நன்றாகத் தெரியும். உன் மெஷின் போட்ட மார்க்கில் பிழை இல்லை. வாசிப்பதற்கு லேசுதான். ஆனால் அதை வாசித்துவிட்டு நாங்கள் என்ன செய்வோம் என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. அது எங்கள் லயத்து வரிசைக் காம்பராவில் இருந்ததில்லை. நீ இருந்தவன்.

பலகை அடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஜீப்பில் வந்தாய். ஒரு மேடமும் இரண்டு ஐயாமார்களும் கூட வந்தார்கள். கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, அறிவித்தலை வாசித்தாய். நல்ல சத்தமாக, அழகாக வாசித்தாய். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டீர்கள். மேடம் அட்டையில் தாளை வைத்துக்கொண்டு, கொச்சைத் தமிழில் சிரித்த முகமாக, "உங்களுக்கு வெளங்குதா?" என்றார். மலையில் தண்ணீர்க் கான் வெட்டுகிற சுப்பையா எழும்பி நின்று, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார். மேடம் தாளில் அடையாளம் போட்டார். ஒரு சரி. தனலெச்சுமி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "ஆமாங்க" என்றாள். ஒரு சரி. உன் அத்தை, "நல்லா வெளங்குதுங்க, தம்பி நல்லா எழுதியிருக்காரு" என்றாள். அதற்கும் ஒரு சரி. என்னிடம் வந்து, "அம்மாவுக்கு?" என்றார் மேடம். நானும் ஆமாங்க என்றேன். அதற்காக என்னைத் திருப்பிக் குத்தலாம் என்று நினைக்காதே. பெரியவர்கள் நடுவில் என் மகன் கோட் போட்டுக்கொண்டு நிற்கும்போது, அவன் எழுதியது எனக்கு விளங்கவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா? எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். திரும்பவும் அப்படியே கேட்டால் திரும்பவும் அதைத்தான் சொல்வேன். அப்படிக் கேட்டது உங்கள் பிழை.

நீங்கள் ஜீப்பில் ஏறிப் போன பிறகு, லயத்துக்கு இறங்குகிற படிக்கட்டில் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன், கேள்.

"அக்கா, தம்பி என்னா சொன்னிச்சு?" என்று தனலெச்சுமி கேட்டாள்.

"இப்பதானடி ஆமாங்கன்ன?" என்றேன்.

"அவங்க கேட்டாங்க, சொன்னேன். பின்ன இல்லைங்கவா சொல்லுவாங்க?"

சுப்பையா முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்று, "மழ கூடுனா நம்மள ஏத்திக்கிட்டுப் போக லொறி அனுப்புவாங்களாம். சட்டி முட்டியக் கட்டி வச்சிக்கணுமாம்" என்றார்.

"லொறின்னு எங்க சொன்னாங்க?" என்று நான் கேட்டேன்.

"வெளியேத்தணும்னா பின்ன எப்புடி? ஒங்கள முதுகுலயா தூக்கிக்கிட்டுப் போவாங்க? அதுக்கு ரெண்டு லொறி வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எனக்குள்ளும் அப்படித்தான் நினைத்தேன். வெளியேற வேண்டும் என்றால், நேரம் வரும்போது சொல்வார்கள். பாதுகாப்பான இடம் என்றால், அது எது என்று சொல்வார்கள். கந்தோரில் இருந்து ஆள் வரும், இல்லாவிட்டால் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் சொல்வார்கள், இல்லாவிட்டால் தேயிலை ஸ்டோரில் சங்கு ஊதுவார்கள். தோட்டத்தில் எது நடந்தாலும் அப்படித்தானே நடந்திருக்கிறது. எந்த மலையில் கொழுந்து எடுப்பது, எத்தனை மணிக்கு இறங்குவது, செத்த வீட்டுக்கு யாருக்கு லீவு, எல்லாம் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று கேட்டுத்தான். எங்கள் அம்மா காலத்திலும் அதுதான், என் காலத்திலும் அதுதான்.

இது உனக்குப் புதிது என்று சொல்லாதே. நீ மூன்றாம் வகுப்பில் படித்தபோது, காற்று எங்கள் காம்பராவின் கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. உன்னையும் தங்கச்சியையும் மேசைக்கு அடியில் உட்கார வைத்துச் சாக்கால் மூடினோம். உன் அப்பா விடியும்வரை மழையில் நின்றார். நான் வேலை செய்த பிள்ளைமடுவம் பக்கத்தில்தான் இருந்தது, காலியாக இருந்தது, அதன் திறப்புச் சாவி என் இடுப்பில் இருந்தது. நீ சாக்குக்குள் இருந்து தலையை நீட்டி, "ஏன்ப்பா நாம அங்க போகல?" என்று கேட்டாய். "சொல்லட்டும்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது மடத்தனம் என்று நீ பெரியவனான பிறகு ஒருநாள் சிரித்தாய். மடத்தனம் இல்லை. அதற்கு முந்தின வருசம் கேட்காமல் காலி காம்பராவில் ஏறிய ஒரு குடும்பத்துக்கு வேலை கொடுக்காமல் நிறுத்தினார்கள். அந்தப் பெண் கைப்பிள்ளையோடு லயம் லயமாக வந்து அரிசி கேட்டதை உன் அப்பா பார்த்திருந்தார். உத்தரவு இல்லாமல் அசையாமல் இருப்பது நாங்கள் பட்டுப் படித்த படிப்பு. அந்தச் சாக்குக்குள் உட்கார்ந்து அதை நீயும் படித்தாய். படித்தவன், "யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே எழும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், போனதற்காக உங்களை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று ஏன் எழுதவில்லை? வசனம் நீண்டு மார்க் குறைந்துவிடும் என்றா?

போன கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் சுப்பையா போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே போய்விட்டது என்று லயம் முழுக்கச் சொன்னார். உன் அறிவித்தலை யாரும் மறக்கவில்லை. எல்லாரும் துணிமணியை மூட்டை கட்டினார்கள். அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் புத்தகம், எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்தார்கள். கட்டிவிட்டு, ஆளாளுக்கு வாசல் இஸ்தோப்பில் மூட்டையின் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தை வாசற்படியில் தன் மூட்டை மேல் உட்கார்ந்து, "லொறி வந்தா மொதல்ல பிள்ளைகள ஏத்துங்க, நான் பின்னுக்கு வாறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் பின்னால் இருந்த மண்மேடு இறங்கியது. அவளுடைய குசினிச் சுவர் முன்னுக்குச் சரிந்து அவள் கால் மேல் விழுந்தது. சுப்பையாவும் பையன்களும் கையால் மண்ணைத் தோண்டி அவளை எடுத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்று நீங்கள் எழுதினீர்கள். இல்லைதான்.

அவளை ஏற்றிய வேன் போன பிறகு ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றுபோனதால் நான் ஹாலிஎல வரைக்கும் நடந்து, அங்கிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். எடுக்காவிட்டால் உயிர் இருக்காது என்றார்கள், அது உண்மைதான். தமிழ் தெரிந்த ஒரு தாதிப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லி, விளங்குதா என்று கேட்டிருக்கிறார். உன் அத்தை ஆமாங்க என்றிருக்கிறாள். மறுநாள் கண் விழித்துப் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"காலு எங்க அண்ணி?"

"நீ சரின்னியாமே."

"பெரிய டாக்டருங்க. அம்புட்டு மரியாதையாக் கேட்டாரு. ஆமாங்கன்னேன்."

"எதுக்கு ஆமாங்கன்னன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த டாக்டருக்கு எங்கள் ஆமாங்க தெரியாது. அவர் எங்கேயோ பிறந்தவர். அது "நீங்கள் பெரியவர், உங்கள் மனம் நோக நான் பேச மாட்டேன்" என்பதற்கு நாங்கள் வைத்திருக்கிற சொல் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? உனக்குத் தெரியும் மகன். தோட்டத்துத் தொரை வந்தால் உன் அப்பா எத்தனை ஆமாங்க சொல்வார் என்று நடித்துக் காட்டி எங்களை எல்லாம் சிரிக்க வைத்தவன் நீ. அதே ஆமாங்கவுக்கு மேடத்தின் தாளில் சரி விழுந்தபோது பக்கத்தில் நின்றாய். வாய் திறக்கவில்லை.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிழை எல்லாருக்கும் வரும். நீ பிழையைப் பிழை என்று சொல்லவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தாய், ஆப்பிள் வாங்கி வந்தாய், அழுதாய். வெளியே நடைபாதையில் நான் கேட்டபோது, "நோட்டீஸ் லேசுதாம்மா. மெஷின்லயும் மார்க் வந்திச்சு, சனமும் வெளங்குதுன்னாங்க. சொன்னபடி செய்யல. நான் என்ன பண்ண?" என்றாய். உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினீர்களாம், மக்கள் அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை என்று. பின்பற்றாத மக்களா மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்? நீ எழுதியதில் அவர்களுக்கு விளங்கிய பாதியை ஓர் ஆள் மிச்சமில்லாமல் செய்திருந்தார்கள். விளங்காத மற்றப் பாதியை நீ அளக்கவே இல்லை. அளக்காமலே மார்க்கைக் கொண்டுபோய்க் காட்டினாய், அந்த மார்க்குக்குத்தான் இப்போது கொழும்பில் கதிரை.

நாங்கள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறோம். அத்தை என் காம்பராவில் இருக்கிறாள். கட்டைக்கால் செய்ய அளவெடுத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. புது வீடு கட்டித் தருவதாகச் சொல்லி இடம் பார்த்துவிட்டுப் போனவர்களையும் காணவில்லை. பலகை அப்படியே கோயில் சுவரில் இருக்கிறது, ஓர் எழுத்தும் மாறவில்லை. இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. போன கிழமை இரண்டு நாள் அடைமழை. குழாயில் தண்ணீர் சிவப்பைத் தொட்டது என்று சுப்பையா வந்து சொன்னார். நான் கதவைத் திறந்து பார்க்கிறேன், லயம் முழுக்கத் திரும்பவும் மூட்டை கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன முறை மண்ணுக்குள் இருந்து ஆளை எடுத்தவர்கள். எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம்.

"எதுக்குடா குந்திக்கிட்டு இருக்கீங்க? எழும்புங்க, பள்ளிக்கூடத்துக்குப் போவோம்" என்றேன்.

"சொல்லாம எப்புடிக்கா?" என்றாள் தனலெச்சுமி. "பள்ளிக்கூடம் பூட்டியிருக்கு. நாளைக்கு யாரக் கேட்டு ஏறுனீங்கன்னா என்னா சொல்லுறது?"

"போன தரம் யாரு வந்து சொன்னாங்க?"

"அதான் இந்தத் தரம் வருவாங்கல்ல" என்றார் சுப்பையா. பகிடி பேசுகிற மனிதர், அன்றைக்குப் பகிடி பேசவில்லை.

நான் ஏசினேன். யாரும் அசையவில்லை. உன் அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று, "தம்பி போன் எடுத்துச்சா அண்ணி?" என்று கேட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எடுத்தான்" என்றேன். "கந்தோர் ஆர்டராம். எல்லாரும் இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போகணுமாம். பூட்ட ஒடைக்கச் சொல்லிட்டான்." நான் சொல்லி முடிப்பதற்குள் சுப்பையா மூட்டையைத் தோளில் போட்டுவிட்டார். அத்தையைக் கதிரையோடு தூக்கினார்கள். லயத்தில் ஓர் ஆள் மிச்சமில்லாமல் பள்ளிக்கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். உன் போன் அன்றைக்கு முழுக்க ஓஃப் ஆகி இருந்தது.

இந்த முறை மண் இறங்கவில்லை. பூட்டுக்குப் பணம் நான் கொடுத்துவிட்டேன். ஆனால் இப்போது தூறல் விழுந்தாலே யாராவது என் வாசலுக்கு வந்து, "தம்பி என்னா சொல்லுறாரு அக்கா?" என்று கேட்கிறார்கள். பெருமழை இனித்தான் வரப்போகிறது. அது வருகிற அன்றைக்கு நான் காய்ச்சலில் கிடக்கலாம், பதுளைக்குக் கிளினிக் போயிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். அவர்கள் மூட்டை மேல் உட்கார்ந்து உன் ஆர்டருக்காகக் காத்திருப்பார்கள். நான் சொன்ன பொய்யை நான் அவிழ்க்க மாட்டேன். அவிழ்த்தாலும் நம்ப மாட்டார்கள், நான் கந்தோர் இல்லை.

ஆகையால் கொழும்புக்குப் போவதற்கு முன்னால் இங்கே வா. ஜீப் வேண்டாம், மேடம் வேண்டாம், அட்டையும் தாளும் வேண்டாம். வேலைநாளில் காலையில் பெரட்டுக்கு வந்து, எல்லாரும் நிற்கும்போது, இனி ஆர்டர் வராது, யாரையும் கேட்காமல் போங்கள் என்று உன் வாயால் சொல். போனதற்காக வேலை போகாது என்று தோட்டக் கந்தோரிலும் கேட்டு, அவர்களையும் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல். சொன்ன பிறகு விளங்குதா என்று மட்டும் கேட்டுவிடாதே. மழைக் குழாய் சிவப்பைத் தொட்டால் நீ என்ன செய்வாய், எந்த வழியாகப் போவாய், பூட்டியிருந்தால் என்ன செய்வாய், யாரைத் தூக்கிக்கொண்டு போவாய் என்று கேள். சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள், சுப்பையா உன்னைக் கேலி செய்வார். கேட்டுக்கொண்டு நில். அதில் என்ன குறைகிறது என்று பார்த்துவிட்டு அந்தப் பலகையைத் திரும்ப எழுது. வசனம் எவ்வளவு நீண்டாலும் நீளட்டும்.

கடைசியாக வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் கேள். நீ என்ன சொன்னாலும் அவள் உன் கன்னத்தைத் தடவி ஆமாங்க தம்பி என்றுதான் சொல்வாள். உடனே எழும்பிவிடாதே. அவள் வாயில் இருந்து வேறு ஏதாவது ஒரு பேச்சு வரும்வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திரு. அது வராமல் நீ கொழும்புக்குப் போவதாக இருந்தால், என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

உன் அம்மா